ரெட்ரோபைல யுஎஸ்பி டிரைவ் தானா மவுன்ட் ஆகலையா? எங்க மாட்டுதுன்னு இப்படி தேடுங்க

போன மாசம் ஞாயித்துக்கிழமை காலைல சிங்கப்பூர் யீஷூன்லேர்ந்து அக்கா பையன் போன் பண்றான், "மாமா, எல்லா கேமும் காணாம போச்சு". ராஸ்பெரி பை 4ங்கிற குட்டி கம்ப்யூட்டர், அதுல பழைய வீடியோ கேமை ஓட்டுற ரெட்ரோபை, 128 ஜிபி பென் டிரைவ்ல மொத்த ரோமும், அதாவது கேம் ஃபைலும். டிவில பாத்தா ரெட்ரோபை செட்டிங்ஸ் ஐகான் மட்டும் தனியா நிக்குது, மத்த கன்சோல் ஒண்ணையும் காணோம். ஒண்ணும் அழியல, டிரைவ் மவுன்ட் ஆகல, அதாவது சிஸ்டம் அதைத் தன்னோட ஃபோல்டர்ல சேத்துக்கல, அவ்ளோதான். உங்களுக்கும் இப்படி ஆனா உடனே எஸ்டி கார்டை ஃபார்மட் பண்ணி முதல்லேர்ந்து ஆரம்பிக்காதீங்க, பாதி பேரு அதைத்தான் பண்றாங்க, ஒரு மத்தியானமே போயிரும், பிரச்சனை அப்படியே இருக்கும்.

"ஆட்டோ மவுன்ட்"னு ஒரே வார்த்தைல சொல்றோம், ஆனா அது மூணு பேரு மாத்தி மாத்தி செய்ற வேலை. முதல்ல கெர்னல், அதாவது லினக்ஸோட மையப் பகுதி, டிரைவை கண்ணுல பாக்கணும். அப்புறம் அதுல இருக்கிற ஃபைல் சிஸ்டம், அதாவது ஃபைலை அடுக்கி வெச்சிருக்கிற முறை, புரியணும். கடைசியா யுஎஸ்பிமவுன்ட்ங்கிற சின்ன ஸ்கிரிப்ட் அதைக் கொண்டுபோய் சரியான ஃபோல்டர்ல ஒட்டணும். இந்த மூணுல யாரு தூங்குறாங்கன்னு கண்டுபிடிச்சிட்டா முக்கால்வாசி வேலை முடிஞ்சிது.

கமாண்டையெல்லாம் தமிழ்லயே எழுத்துக்கூட்டி எழுதுறேன், போனை பக்கத்துல வெச்சு படிச்சுக்கிட்டே டைப் பண்ணுங்க, தனியா சொல்லாத வரைக்கும் எல்லாமே சின்ன எழுத்து. கீபோர்டை சொருகி எஃப்4 அமுக்குனா கேம் லிஸ்ட் காட்டுற எமுலேஷன்ஸ்டேஷன் மூடி கறுப்பு ஸ்கிரீன் வரும், அங்கதான் வேலை.

முதல்ல டிரைவை கழட்டிருங்க. சுடோ, ஸ்பேஸ், டி-எம்-இ-எஸ்-ஜி, ஸ்பேஸ், ஒரு கோடு (ஹைஃபன்), ஒட்டி டபிள்யூ. என்டர் தட்டுனா பழைய வரியெல்லாம் கடகடன்னு ஓடி நிக்கும், அப்புறம் புதுசா நடக்கிறது எல்லாம் வந்துக்கிட்டே இருக்கும். இப்ப டிரைவை சொருகுங்க, சொருகி ஸ்கிரீனையே பாருங்க. ஒரு வரிகூட வரலைன்னா போர்ட்டோ கேபிளோ டிரைவோ செத்துருச்சு, வேற போர்ட்ல போட்டு பாருங்க. "ரீசெட்"ங்கிற வார்த்தை திரும்பத் திரும்ப வந்தா, இல்ல "அண்டர் வோல்டேஜ் டிடெக்டட்"னு வந்தா, கரன்ட் பத்தல. எஸ்டிஏன்னு டிரைவோட பேரு வந்து அடுத்து அதோட முதல் பார்ட்டிஷன் எஸ்டிஏ1 வராம நின்னா பார்ட்டிஷன்ல கோளாறு. எஸ்டிஏ1 வரைக்கும் அழகா வந்துருச்சுன்னா கெர்னல் மேல தப்பு இல்ல, அடுத்த ஆளைப் புடிங்க. வெளிய வர கண்ட்ரோல் சி.

கரன்ட் விஷயத்தைக் கொஞ்சம் நின்னு பாக்கலாம், ஏன்னா நான் பாத்த வரைக்கும் நிறைய கேஸ் இங்கதான் முடிஞ்சிருக்கு. நம்ம ஆளுங்க டிவி பின்னாடி இருக்கிற யுஎஸ்பி ஓட்டைலேர்ந்து ராஸ்பெரி பைக்கு பவர் எடுக்கிறாங்க, ஒரு பிளக் மிச்சம்னு. அந்த ஓட்டை யுஎஸ்பி 2ன்னா கணக்குப்படி 500 மில்லிஆம்ப்தான், பை 4க்கு 5 வோல்ட் 3 ஆம்ப் வேணும். பழைய போன் சார்ஜரும் அப்படித்தான், பை பூட் ஆகும், மேரியோ ஓடும், டிரைவை சொருகுன உடனே வோல்டேஜ் 4.63க்கு கீழ விழுந்து ஸ்கிரீன் மூலைல மின்னல் படம் வரும். அந்த மின்னலை அழகுக்கு வெச்சிருக்காங்கன்னு நெனைச்சவங்களை எனக்குத் தெரியும்.

நேராவே கேட்டுரலாம். வி-சி-ஜி-இ-என்-சி-எம்-டி, ஸ்பேஸ், கெட், அண்டர்ஸ்கோர், த்ராட்டில்ட். பதில் 0x0ன்னா எல்லாம் நல்லாருக்கு. 0x50000ன்னா பூட் ஆனதுக்கப்புறம் எப்பவோ ஒரு தடவை வோல்டேஜ் விழுந்திருக்கு, 0x50005ன்னா இந்த நிமிஷமே விழுந்துகிட்டு இருக்கு. அந்த நம்பரைப் பாத்துட்டும் ஸ்கிரிப்டை நோண்டிக்கிட்டு இருந்தீங்கன்னா உங்க நேரம்தான் வேஸ்ட் லா, எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கிற சிம் லிம் ஸ்குவேர் போய் ராஸ்பெரி பைக்குன்னே விக்கிற அடாப்டர் ஒண்ணு வாங்கிட்டு வந்துருங்க, நம்ம மூணு பின் சாக்கெட்டுக்கு ஏத்ததான்னு மட்டும் பாத்துக்கங்க. பெரிய ஹார்ட் டிஸ்க் மாட்டுறவங்களுக்கு அதுவும் பத்தாது, பை 4ல நாலு யுஎஸ்பி போர்ட்டுக்கும் சேத்தே 1.2 ஆம்ப்தான் குடுக்கும், சுத்துற டிஸ்க் கிளம்பும்போது அதுல பெரும்பகுதிய இழுத்துரும், கன்ட்ரோலர் ரெண்டு வேற இருந்தா கேக்கவே வேணாம். தனி பவர் உள்ள ஹப் போட்டுருங்க. பை 5லயும் 3 ஆம்ப் அடாப்டர் போட்டா யுஎஸ்பிக்கு 600 மில்லிஆம்ப்தான் விடும், 5 ஆம்ப் அடாப்டர் போட்டாதான் 1.6 வரைக்கும் போகும்.

ரெண்டாவது ஆள், ஃபைல் சிஸ்டம். எல்-எஸ்-பி-எல்-கே, ஸ்பேஸ், கோடு, எஃப். டிரைவ் பேரு, டைப்பு, டிரைவோட தனி அடையாளமான யுயுஐடி நம்பர், எங்க மவுன்ட் ஆயிருக்குன்னு எல்லாம் கட்டம் கட்டி காட்டும். விஃபேட்னு இருந்தா அது ஃபேட்32, எதுலயும் ஓடும், ஆனா ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகக்கூடாது, விண்டோஸ் ஃபார்மட் ஜன்னல்ல 32 ஜிபிக்கு மேல உள்ள டிரைவுக்கு அந்த ஆப்ஷன் பொதுவா வரவும் வராது. எக்ஸ்ஃபேட் நல்ல சாய்ஸ், லினக்ஸ் கெர்னல் 5.4லேர்ந்து உள்ளயே வந்துருச்சு, அதுக்கு முந்தின பழைய இமேஜ் வெச்சிருந்தா எக்ஸ்ஃபேட்-ஃபியூஸ்னு ஒரு பேக்கேஜ் போடணும். என்டிஎஃப்எஸ் வேணாம்னு சொல்லுவேன். விண்டோஸ்ல எஜெக்ட் பண்ணாம புடுங்கிட்டு வந்தாலோ, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்போட ஷட்டவுன் பண்ணிட்டு எடுத்தாலோ, இங்க ரீட் ஒன்லியா மவுன்ட் ஆகலாம். கேம் எல்லாம் தெரியும், ஓடும், ஆனா சேவ் ஆகாது, ஏன்னா சேவ் ஃபைலும் அதே ரோம் ஃபோல்டர்லதான் போய் உக்காரும். ரெண்டு மணி நேரம் ஆடி பாஸை ஜெயிச்சுட்டு மறுநாள் திரும்பி வந்தா முதல் லெவல். அந்த வயித்தெரிச்சலை சொல்ல முடியாது.

மேக் வெச்சிருக்கவங்களுக்கு ஒண்ணு. மேக்ல ஜிபிடி முறைல ஃபார்மட் பண்ணா முன்னாடி 200 எம்பிக்கு ஈஎஃப்ஐன்னு ஒரு குட்டி பார்ட்டிஷன் போட்டுருது, அப்ப உங்க ரோமெல்லாம் எஸ்டிஏ2ல இருக்கும், ஸ்கிரிப்ட் அந்த குட்டி பார்ட்டிஷனைப் பாத்து குழம்பலாம். ஃபார்மட் பண்ணும்போது ஸ்கீம்ல மாஸ்டர் பூட் ரெக்கார்டுன்னு மாத்திக்கங்க.

மூணாவது ஆள்தான் ஸ்கிரிப்ட். ரெட்ரோபை செட்டப்ல, மேனேஜ் பேக்கேஜஸ், ஆப்ஷனல் பேக்கேஜஸ், அங்க யுஎஸ்பிரோம்சர்வீஸ்னு ஒண்ணு இருக்கும், அது இன்ஸ்டால் ஆகி எனேபிள் ஆயிருக்கான்னு பாருங்க. இது ரெண்டு விதமா வேலை செய்யும், இங்கதான் குழப்பம். டிரைவ்ல ரெட்ரோபைங்கிற பேர்ல ஃபோல்டர் இருந்தா அதுல உள்ள ரோமை எஸ்டி கார்டுக்கு காப்பி பண்ணும், அவ்ளோதான், டிரைவைக் கழட்டிரலாம். ரெட்ரோபை-மவுன்ட்ங்கிற பேர்ல இருந்தா டிரைவ்லேர்ந்தே நேரா ஓட்டும், டிரைவ் எப்பவும் மாட்டியே இருக்கணும். முதல் தடவை எல்லா ஃபைலையும் டிரைவுக்கு காப்பி பண்ணும், நேரம் எடுக்கும், லைட் மினுக்கிக்கிட்டு இருக்கும்போது புடுங்கிராதீங்க.

அக்கா பையன் வீட்ல கரன்ட் சரி, எக்ஸ்ஃபேட் சரி, சர்வீஸும் ஓடுது. அவங்க வீட்டு சோபால உக்காந்து தே ஓ குடிச்சுக்கிட்டு அரை மணி நேரம் மண்டைய ஒடைச்சேன். அப்புறம் டிரைவை என் லேப்டாப்ல போட்டு பாத்தா ஃபோல்டர் பேர்ல ரெட்ரோபைக்கும் மவுன்ட்டுக்கும் நடுவுல கோட்டுக்கு பதிலா அண்டர்ஸ்கோர். "டேய், இதை நீயா மாத்துனே?" "பாக்க நல்லா இருக்கும்னு மாத்துனேன் மாமா". என்னத்த சொல்ல. பேரு எழுத்துக்கு எழுத்து சரியா இருக்கணும், எல்லாம் சின்ன எழுத்து, ஸ்பேஸ் கூடாது, டிரைவ் தொறந்த உடனே முதல்லயே தெரியணும், வேற ஃபோல்டருக்குள்ள இருந்தா கண்ணுக்குப் படாது.

ரெட்ரோபை இல்லாம சும்மா லினக்ஸ்ல யுஎஸ்பிமவுன்ட்டை கையால போட்டவங்களுக்கு இன்னொரு வம்பு இருக்கு. சொருகுனா லாக்ல மவுன்ட் ஆயிருச்சுன்னு சொல்லும், ஃபோல்டரைத் தொறந்தா காலி. டிரைவ் சொருகுறதை கவனிக்கிற யுடெவ் தனக்குன்னு ஒரு தனி அறைல மவுன்ட் பண்ணிக்குது, வெளிய நிக்கிற நமக்குத் தெரியாது. சுடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் சிஸ்டம்டி-யுடெவ்டி. தொறக்கிற ஃபைல்ல சதுர அடைப்புக்குள்ள சர்வீஸ்னு ஒரு வரி, கீழ பிரைவேட்மவுன்ட்ஸ், சமக்குறி, நோ. சர்வீஸ்ல எஸ், அடுத்ததுல பியும் எம்மும் பெரிய எழுத்து. சேவ் பண்ணி ரீபூட்.

இவ்ளோ சொன்னதுக்கு அப்புறம் என் சொந்த அபிப்ராயம்: டிரைவ் நிரந்தரமா மாட்டியே இருக்கப் போகுதுன்னா ஆட்டோ மவுன்ட்டே வேணாம். அது வந்துட்டுப் போற டிரைவுக்குச் செஞ்சது. ரெண்டு டிரைவ் மாட்டுனா இன்னைக்கு யுஎஸ்பி0ங்கிற ஃபோல்டர்ல இருக்கிறது நாளைக்கு யுஎஸ்பி1க்கு போயிரும். யுஎஸ்பிரோம்சர்வீஸை டிஸேபிள் பண்ணிட்டு, பூட் ஆகும்போது எதை எங்க மவுன்ட் பண்ணணும்னு சொல்ற எஃப்எஸ்டேப் ஃபைல்ல ஒரு வரி எழுதிருங்க.

அதுக்கு முன்னாடி ஹோம், பை, ரெட்ரோபைன்னு போற ஃபோல்டருக்குள்ள (ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஸ்லாஷ், இந்த ரெட்ரோபைல மட்டும் ஆரும் பியும் பெரிய எழுத்து) இருக்கிற எல்லாத்தையும் டிரைவோட மேல்தட்டுலயே காப்பி பண்ணுங்க, ரோம் ஃபோல்டரை மட்டும் எடுத்தீங்கன்னா அப்புறம் செட்டிங்ஸ் மெனு காணாம போகும், ஏன்னா அதுவும் அங்கதான் இருக்கு. அப்புறம் சுடோ நானோ, ஸ்பேஸ், ஸ்லாஷ் ஈடிசி ஸ்லாஷ் எஃப்எஸ்டேப். கடைசில புது வரி. முதல்ல யுயுஐடின்னு பெரிய எழுத்துல, ஒட்டுனாப்ல சமக்குறி, அப்புறம் எல்எஸ்பிஎல்கே காட்டுன நம்பர். ஸ்பேஸ் விட்டு ரெட்ரோபை ஃபோல்டரோட முழு பாதை. ஸ்பேஸ், எக்ஸ்ஃபேட்டோ விஃபேட்டோ. ஸ்பேஸ், அப்புறம் டிஃபால்ட்ஸ், நோஃபெயில், யுஐடி சமக்குறி 1000, ஜிஐடி சமக்குறி 1000, இந்த நாலுக்கும் நடுவுல கமா மட்டும், ஸ்பேஸ் கூடாது. கடைசில 0, ஸ்பேஸ், 0. யுஐடி போடலைன்னா டிரைவ் ரூட் (அட்மின்) பேர்ல மவுன்ட் ஆயி சேவ் பண்ண விடாது.

நோஃபெயிலை மட்டும் மறந்துராதீங்க. நான் மறந்து ஒரு நாள் டிரைவைக் கழட்டிட்டு பூட் பண்ணேன், எமர்ஜென்சி மோட்ல போய் நின்னு, ரூட் அக்கவுன்ட் லாக்குன்னு சொல்லி கையை விரிச்சிருச்சு. எஸ்டி கார்டை விண்டோஸ்ல போட்டா பூட் பகுதி மட்டும்தான் தெரியும், எஃப்எஸ்டேப் இருக்கிற பகுதி தெரியாது, அதுக்கு ஒரு லினக்ஸ் லேப்டாப் தேடி ஆபிஸ் நண்பன் வீடு வரைக்கும் எம்ஆர்டில போக வேண்டியதாப் போச்சு. அதனால எழுதி முடிச்ச உடனே ரீபூட் பண்ணாம, சுடோ மவுன்ட், ஸ்பேஸ், கோடு ஏ, இதை அடிச்சு பாருங்க. ஒண்ணும் திட்டலைன்னா சரியா எழுதியிருக்கீங்க.

நோஃபெயில் போட்டா ஒரு சின்ன பக்கவிளைவு இருக்கு, டிரைவுக்காகக் காத்திருக்காது, சுத்துற ஹார்ட் டிஸ்க் எழுந்து வர்றதுக்குள்ள எமுலேஷன்ஸ்டேஷன் ஸ்டார்ட் ஆயி லிஸ்ட் காலியா காட்டும். ஸ்டார்ட் பட்டன், குவிட், ரீஸ்டார்ட் எமுலேஷன்ஸ்டேஷன் அமுக்குனா வந்துருச்சுன்னா அதான் காரணம். ஆப்ட், ரெட்ரோபை, கான்ஃபிக்ஸ், ஆல்னு வரிசையா போற ஃபோல்டருக்குள்ள (இங்க எல்லாம் சின்ன எழுத்து) ஆட்டோஸ்டார்ட்-டாட்-எஸ்எச்னு ஒரு ஃபைல் இருக்கு, எமுலேஷன்ஸ்டேஷன் வரிக்கு மேல ஸ்லீப் 10ன்னு ஒரு வரி சேருங்க, பத்து செகண்ட் பொறுத்துட்டு கிளம்பும்.

நான் எல்லார் பைலயும் பண்ற ஒரு வேலை, டிரைவ் மாட்டாதப்போ எஸ்டி கார்டுல இருக்கிற அதே ரெட்ரோபை ஃபோல்டர்ல ரோம்ஸ் உள்ள போய் என்இஎஸ் ஃபோல்டர்ல காலியா ஒரு ஃபைல் போட்டு வெக்கிறது, டிரைவ்-இல்ல-டாட்-என்இஎஸ்னு இங்கிலீஷ் எழுத்துல பேரு வெச்சு. டிரைவ் மவுன்ட் ஆனா அது மறைஞ்சிரும், ஆகலைன்னா லிஸ்ட்ல அது ஒண்ணு மட்டும் வந்து நிக்கும். போன வாரம் அக்கா பையன் அந்த ஸ்கிரீனை போட்டோ எடுத்து அனுப்புனான், "வயரை அழுத்தி சொருகு"ன்னு பதில் போட்டேன், ரெண்டு நிமிஷத்துல கட்டைவிரல் படம் வந்துச்சு.