அன்ரிவைரஸ் ஸ்கிரிப்டைப் பிடிக்கிறதா? நீங்களே சோதித்துப் பாருங்கள்

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் மடிக்கணினி வாங்கும்போது "அன்ரிவைரஸ் போட்டுத் தாருங்கள்" என்று கேட்காதவர் குறைவு. போட்டது வேலை செய்கிறதா, குறிப்பாக ஸ்கிரிப்ட் எனப்படும் கட்டளைத் தொகுப்புகளாக வரும் தீநிரல்களை (தீங்கு செய்யும் நிரல்களை) பிடிக்கிறதா என்று பார்ப்பவர் அதைவிடக் குறைவு.

முதலில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ பட்டியலில் கோப்பு நீட்சிகள் (பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும், கோப்பின் வகையைச் சொல்லும் எழுத்துகள்) தெரியும்படி மாற்றுங்கள். 2000 மே மாதத்தில் உலகைச் சுற்றிய ஐலவ்யூ புழு, விபிஎஸ் என்ற ஸ்கிரிப்ட் நீட்சி மறைந்திருந்ததால்தான் சாதாரண எழுத்துக் கோப்பைப் போலத் தோன்றியது.

அடுத்து, ஐகார் (EICAR) அமைப்பின் தளத்திலிருந்து, அன்ரிவைரஸைச் சோதிக்கவென்றே உருவாக்கப்பட்ட கோப்பைத் தரவிறக்குங்கள். வெறும் 68 எழுத்துகள். தீங்கு எதுவும் இல்லை. உடனே தடுக்கப்பட வேண்டும். தடுத்துவிட்டதே என்று இங்கேயே நிறுத்திவிடாதீர்கள். கோப்புகளைப் பார்க்கும் பகுதி விழித்திருக்கிறது என்பதற்கு மேல் இது எதையும் சொல்வதில்லை.

ஸ்கிரிப்ட் தீநிரல்கள் வட்டில் கோப்பாக இறங்காமல் நினைவகத்திலேயே ஓடக்கூடியவை. அதற்காகத்தான் 2015இல் விண்டோஸ் 10உடன் ஆம்சி (AMSI) என்ற இணைப்பு வசதி வந்தது. விண்டோஸில் கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் பவர்ஷெல், ஒரு கட்டளையை இயக்குவதற்குச் சற்று முன், அதை ஆம்சி வழியாக அன்ரிவைரஸிடம் காட்டும். மைக்ரோசாஃப்ட் ஆவணத்தில் "ஆம்சி டெஸ்ட் சாம்பிள்" என்று தொடங்கும் வரி ஒன்று இருக்கிறது. அதைப் பிரதிசெய்து, ஒற்றை மேற்கோளுக்குள் பவர்ஷெல்லில் ஒட்டி என்டரை அழுத்துங்கள். சிவப்பு எழுத்தில் தடுக்கப்பட்டதாகச் செய்தி வந்தால் சரி. அதே வரி திரும்ப அச்சானால் உங்கள் மென்பொருள் ஸ்கிரிப்டைப் பார்க்காமலே இருக்கலாம்.

பிடித்ததா? இப்போது வரியை இரண்டு துண்டாக்கி, கூட்டல் குறியால் இணைத்து, கொடுக்கும் எழுத்துகளைக் கட்டளையாக இயக்கும் இன்வோக்-எக்ஸ்பிரஷனுக்குக் கொடுங்கள். தீநிரல் எழுதுவோர் ஒளிக்கும் விதம் ஏறக்குறைய இதுதான். துண்டுகள் ஒன்றுசேர்ந்த பின்னரே பரிசோதனை நடப்பதால் இதுவும் சிக்க வேண்டும்.

சிக்கவில்லையென்றால் விண்டோஸ் செக்கியூரிட்டியில் நிகழ்நேரப் பாதுகாப்பு இயங்குகிறதா, வேறு அன்ரிவைரஸின் இலவசக் காலம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள்.

உண்மையான தீநிரலை இறக்கிச் சோதிக்கும் ஆசை வேண்டாம். அலுவலகக் கணினியில் இந்தச் சோதனையைக்கூட அனுமதியின்றிச் செய்யாதீர்கள். எச்சரிக்கை நேரே தொழில்நுட்பப் பிரிவுக்குப் போகலாம். இந்த மாதிரி வரியைப் பிடிப்பதால் புதிய தீநிரலையும் பிடிக்கும் என்று ஆகிவிடாது. அந்தத் திறமையை ஒப்பிட ஏவி-கம்பேரட்டிவ்ஸ், ஏவி-டெஸ்ட் போன்ற ஆய்வகங்களின் அறிக்கைகளைப் பாருங்கள்.

கடைசியாக, ஜேஎஸ், விபிஎஸ் நீட்சியுள்ள ஸ்கிரிப்ட் கோப்புகள் இயல்பாக நோட்பேடில் திறக்கும்படி மாற்றிவிடுங்கள். இன்வொய்ஸ் போல வேடமிட்டு வந்த ஸ்கிரிப்டை யாராவது இரட்டைக் கிளிக் செய்தாலும் வெறும் எழுத்துகள்தான் தெரியும்.