ஏர்கோன் விட்டு விட்டுக் குளிர்கிறதா?

சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் தினமும் ஓடும் கார் என்னுடையது. காலையில் நன்றாகக் குளிரும். அரை மணி நேரத்தில் காற்றே குறைந்துவிடும். பட்டறையில் உடனே கேஸ் ஏற்றச் சொன்னார்கள். அவசரப்படாதீர்கள். எப்போது நிற்கிறது என்று முதலில் கவனியுங்கள்.

காற்றின் வேகமே குறைந்து, ஏர்கோனை அணைத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் போட்டால் மறுபடி குளிர்கிறதா? உள்ளே கூலிங் காயிலில் பனி கட்டுகிறது. ஏர்கோன் காற்றை வடிகட்டும் ஃபில்டர் அடைத்தால் இப்படி ஆகும். பல கார்களில் அது டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால்தான் இருக்கும், கையாலேயே கழற்றலாம். என்னுடையதில் செம்மண் அப்பி, ஊதினாலும் காற்றுப் போகவில்லை. புதிது போட்டதும் சரியானது. ஃபில்டர் சுத்தமாக இருந்தும் பனி கட்டினால் வெப்பநிலை சென்சரைச் சோதிக்கச் சொல்லுங்கள். கேஸ் குறைந்தாலும் இப்படி ஆகலாம்.

ஓடும்போது குளிர்ந்து, நின்றால் சூடானால், முன்னால் ரேடியேட்டர் பக்கம் இருக்கும் கண்டென்சர் விசிறியைப் பாருங்கள். கையை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள், திடீரென்று சுழலும்.

காற்று பலமாக வந்தும் குளிர் இல்லையென்றால், கேஸை அழுத்தும் கம்ப்ரஸரின் கிளட்ச் 'டக்' என்று ஒட்டுகிறதா என்று கேளுங்கள். ஒட்டாவிட்டால் முதலில் அதற்கு மின்சாரம் விடும் சிறு சுவிட்சான ரிலேயை மாற்றிப் பாருங்கள், விலை குறைவு.

அப்புறம், கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் ஏற்ற விடாதீர்கள்.