மனச்சோர்வுக்கும் மாற்றுத்திறனாளி சான்று உண்டு

நாள்பட்ட மனச்சோர்வால் வேலைக்கே போக முடியாதவர்கள் கவனிக்க. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் இடம்பெற்றிருக்கிறது. பாதிப்பு 40 சதவீதமாவது இருப்பதாகச் சான்று கிடைத்தால் அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

நோயின் பெயரை மட்டும் பார்த்து சதவீதம் போடுவதில்லை. சுயபராமரிப்பு, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை ஆகிய நான்கிலும் எவ்வளவு முடக்கம், எத்தனை வருடமாக என்று பார்த்துத்தான் மதிப்பெண். ஆகவே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது, கூடவே இருந்து கவனிக்கும் ஒருவரை அழைத்துப் போங்கள். நம் ஆட்கள் அன்றைக்கென்று தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்து, "பரவாயில்லைங்க, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிடுவார்கள்! "மூணு நாளா குளிக்கலைங்க, பட்டுப்புழு வளர்ப்பை விட்டே ரெண்டு வருஷம் ஆச்சு" என்று வீட்டார் சொல்ல வேண்டும்.

பழைய மருந்துச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். எப்போதிலிருந்து சிகிச்சை என்பதற்கு அதுதான் ஆதாரம். ஆதார், புகைப்படமும் வேண்டும்.

அப்புறம், கிடைப்பது தற்காலிகச் சான்று என்றால் அதில் முடியும் தேதி இருக்கும். அதற்குள் மறுமதிப்பீட்டுக்குப் போய்விடுங்கள்.