பூனை ஓயாமல் நக்குகிறதா, ஒளிகிறதா? காரணம் கண்டுபிடித்துக் குறைப்பது எப்படி

வயிற்று முடி போகிற அளவுக்கு நக்குவது, கம்பளியைச் சப்புவது, முதுகுத் தோல் அலையலையாகத் துடிக்க வாலைத் துரத்தி ஓடுவது என்று பூனைகளின் விசித்திரங்கள் பல. எல்லாவற்றையும் 'பயந்த சுபாவம்' என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

படி 1: முதலில் உடம்பைப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கவே கூடாது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், மனக் காரணத்தால் முடி போகிறது என்று சந்தேகிக்கப்பட்ட 21 பூனைகளைச் சோதித்தார்கள். 16 பூனைகளுக்கு உடல் கோளாறுதான் காரணம். உணவு ஒவ்வாமை அதில் முன்னால் நின்றது. மனக் காரணம் மட்டுமே இருந்தது வெறும் 2 பூனைகளுக்கு.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாலடியில் வாருங்கள். கறுப்புப் பொடி வந்தால் ஈரமான வெள்ளைத் தாளில் தட்டுங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். பூச்சி கண்ணில் படவில்லையே என்று நம்பி இருந்துவிட வேண்டாம்; பூனை அதை நக்கியே விழுங்கியிருக்கும்.

அடிவயிற்றை மட்டும் நக்கினால் சிறுநீர்ப்பை வலியாக இருக்கலாம். ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அது உயிர் ஆபத்து. விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

படி 2: வீடியோ எடுங்கள்

மருத்துவர் மேஜையில் பூனை சிலையாகிவிடும். வீட்டில் செய்ததை அங்கே செய்யாது. அதனால் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். எத்தனை மணிக்கு, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, கூப்பிட்டால் நிறுத்துகிறதா என்றும் குறித்து வையுங்கள்.

படி 3: தூண்டுவது எது?

நம் காதுக்குக் கேட்பது 20,000 ஹெர்ட்ஸோடு (நொடிக்கு 20,000 அதிர்வுகள்) நின்றுவிடும். பூனைக்கு 60,000-க்கு மேலும் கேட்கும். வெறும் சுவரை அது வெறித்துப் பார்ப்பதற்குப் பின்னால் பெரும்பாலும் ஏதோ ஒரு சத்தம் இருக்கும், பேய் அல்ல. அடிக்கடி அகப்படும் இன்னொரு குற்றவாளி, ஜன்னலுக்கு வெளியே உலாவும் வேற்றுப் பூனை. ஜன்னலின் கீழ்ப்பாதியைக் காகிதத்தால் மறைத்துப் பாருங்கள்.

படி 4: இடத்தை மாற்றுங்கள்

பூனைகளின் எண்ணிக்கையை விட ஒரு லிட்டர் பாக்ஸ் (பூனை மலசலம் கழிக்கும் மணல் பெட்டி) கூடுதலாக, வெவ்வேறு இடங்களில் இருக்கட்டும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வைத்தால் பூனைக்கு அது ஒன்றுதான். சாப்பாடு, தண்ணீர் தள்ளி இருக்கட்டும். அப்புறம், ஏறி உட்கார உயரமான இடம் ஒன்று, ஒளிய ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே போய்விட்டால் கையை விட்டு இழுக்காதீர்கள்.

படி 5: விளையாட்டு, பிறகு சாப்பாடு

தினமும் ஒரே நேரத்தில், குச்சியில் கட்டிய இறகைச் சில நிமிடம் துரத்தவிடுங்கள். கடைசியில் பிடிக்க விட்டுவிட்டு உணவு கொடுங்கள். வேட்டை, சாப்பாடு, உடம்பை நக்கிச் சுத்தம் செய்வது, தூக்கம் என்பதுதான் அதன் இயல்பான வரிசை.

படி 6: உங்கள் பங்கு

திட்டினால் பதற்றம் கூடும், அவ்வளவுதான். கண்ணை மெல்ல மூடித் திறந்து பாருங்கள். அப்படிச் செய்பவரிடம் பூனைகள் அதிகம் நெருங்கி வருவதை 2020-இல் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் போதும். முடி திரும்ப வளர மாதக்கணக்கில்கூட ஆகலாம். இதற்கும் அடங்காவிட்டால் பதற்றத்தைக் குறைக்கும் மருந்துகள் உண்டு, ஆனால் மருத்துவர் எழுதித் தர வேண்டும். நம் மாத்திரைப் பெட்டியைத் திறக்காதீர்கள்: ஒரே ஒரு பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடலாம்.