மூடிப்போன முனிசிபாலிட்டி தமிழ் ஸ்கூலோட வரலாறை எழுதணுமா, எல்சில இருந்து ஆரம்பிங்க

நான் படிச்ச ஸ்கூல் இப்ப இல்ல. தாராவி பக்கம் முனிசிபாலிட்டி தமிழ் மீடியம், பத்தாவது வரைக்கும் இருந்துச்சு, பிள்ளைங்க குறைஞ்சு போச்சுனு இன்னொரு ஸ்கூலோட சேத்துட்டு போர்டை கழட்டிட்டாங்க. அதோட கதைய எழுதணும்னு உக்காந்தப்ப எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல, நேரா முனிசிபாலிட்டி ஆபீசுக்குப் போய் மூணு தடவ "ரெக்கார்டு இல்ல"ங்கற பதிலக் கேட்டுட்டு திரும்பி வந்தேன். மும்பைல இப்படி மூடின தமிழ் ஸ்கூல் உங்களுக்கும் ஒண்ணு இருக்கும், நீங்க அந்த தப்ப பண்ணாதீங்க, ஆபீசுக்கு கடைசியா போங்க.

முதல்ல கூடப் படிச்சவங்களோட எல்சிய, அதான் ஸ்கூல விடும்போது குடுக்கற ஸ்கூல் லீவிங் சர்டிபிகேட்ட, சேருங்க. அதுல ஜெனரல் ரிஜிஸ்டர் நம்பர், சேந்த தேதி, முன்னாடி படிச்ச ஸ்கூல், விட்ட தேதி, ஏன் விட்டாங்க எல்லாமே இருக்கும். ஸ்கூல்ல சேர சேர ரிஜிஸ்டர் நம்பர் ஏறிக்கிட்டே போகும். உதாரணத்துக்கு ஒருத்தர் நம்பர் 40, 1961 ஜூன்ல சேந்திருக்கார், இன்னொருத்தர் 2300, 1985 ஜூன்ல சேந்திருக்கார்னு வைங்க, ஸ்கூல் 1961ஐ ஒட்டி ஆரம்பிச்சிருக்கு, 24 வருஷத்துல சுமார் 2260 பிள்ளைங்க சேந்திருக்காங்கனு எந்த ஆபீசும் சொல்லாமலே தெரிஞ்சிடும். இருபது முப்பது எல்சி கிடைச்சா போதும், தேதி வாரியா ஒரு நோட்டுல எழுதுங்க, எந்த வருஷம் கூட்டம் ஏறுச்சு எப்ப இறங்குச்சுனு தெளிவா தெரியும்.

இதுல ஏன் விட்டாங்கங்கற கட்டத்த மட்டும் தாண்டிப் போயிடாதீங்க. தாராவி லேபர் கேம்ப் ஏரியால ஒரு அக்கா வீட்ல, ரேஷன் கார்டோட சேத்து பிளாஸ்டிக் கவர்ல சுத்தி வச்சிருந்த எல்சிய எடுத்துக் காட்டுனாங்க, மடிப்புல கிழிஞ்சு செல்லோடேப் ஒட்டி மஞ்சளா போயிருந்துச்சு. விட்ட தேதி 1993 ஜனவரி, காரணம் "ஊருக்குப் போறதால". அதே மாசம், அதே காரணத்தோட இன்னும் ரெண்டு பேர் எல்சி எனக்கு கிடைச்சுது. அப்ப பம்பாய்ல நடந்த கலவரத்துல குடும்பம் குடும்பமா திருநெல்வேலிக்கு ரயில் ஏறுனது அந்த ஒத்த வரிக்குள்ள இருக்கு. ஸ்கூல் ஏன் காலியாச்சுன்னா எல்லாரும் இங்கிலீஷ் மீடியம் போயிட்டாங்கனுதான் பேசுவாங்க, அதுவும் நிஜம்தான், ஆனா அது மட்டும் இல்லனு இந்த கட்டத்த பாத்துதான் எனக்கு புரிஞ்சுது.

அடுத்து டீச்சருங்க. இவங்களத்தான் சீக்கிரம் பாக்கணும், வயசாகிட்டே போகுது, பல பேர் ரிட்டயர் ஆகி ஊருக்கே போயிட்டாங்க. "எந்த வருஷம் டீச்சர்"னு கேட்டா யாருக்கும் சொல்ல வராது. 1982 மில் ஸ்ட்ரைக்குக்கு முன்னாடியா பின்னாடியா, இந்திரா காந்தி செத்தப்ப நீங்க இங்க இருந்தீங்களா, 2005 ஜூலை 26 வெள்ளத்தன்னைக்கு ஸ்கூல் நடந்துச்சானு கேளுங்க, கடகடனு சொல்லுவாங்க. டீச்சரோட நிறுத்திடாம வாட்ச்மேன், பியூன், மத்தியானம் கிச்சடி பரிமாறுன அம்மா எல்லாரையும் பாருங்க, எந்த ரூம் ஒழுகும்ங்கறது ஹெட்மாஸ்டர விட அவங்களுக்குத்தான் தெரியும்.

பில்டிங் இன்னும் நிக்குதுன்னா போய் கோனஷிலாவ தேடுங்க, அதான் வாசல் பக்கம் சுவத்துல பதிச்ச திறப்பு விழாக் கல்லு, மராத்தில தேதி, மேயர் பேரு எல்லாம் இருக்கும். எழுத்து தேஞ்சிருந்தா காலைல வெயில் சாய்வா விழும்போது போட்டோ எடுங்க, சாக்பீஸ் தேய்க்காதீங்க, கல்லு பாழாகும். ஒண்ணு பாத்துக்கோங்க, கல்லுல இருக்கறது பில்டிங்கோட தேதி, ஸ்கூலோடது இல்ல. ஒரே பில்டிங்ல மராத்தி, இந்தி, உருது, தமிழ்னு பல மீடியம் ஷிப்ட் போட்டு நடக்கறது முனிசிபாலிட்டில சகஜம். பில்டிங் சி1 லிஸ்ட்ல, அதாவது ரொம்ப ஆபத்தான பில்டிங் லிஸ்ட்ல, வந்துட்டா இடிச்சிடுவாங்க, அதனால இத தள்ளிப் போடாதீங்க.

இப்ப ஆபீசுக்கு வாங்க. மூடின ஸ்கூலோட ரிஜிஸ்டர் சேத்துவிட்ட ஸ்கூல்லயோ இல்ல உங்க வார்டு ஸ்கூல்கள பாத்துக்கற ஏஓ (அட்மினிஸ்ட்ரேடிவ் ஆபீசர்) ஸ்கூல்ஸ் ஆபீஸ்லயோ இருக்கணும். தாராவின்னா ஜி நார்த் வார்டு, மாட்டுங்கா, சயான்னா எஃப் நார்த் வார்டு. வாயால கேக்காம ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு போடுங்க, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும், ஜெராக்ஸ் பக்கத்துக்கு 2 ரூபா. மகாராஷ்டிரா ரூல்படி ஒரு மனுவுல ஒரு விஷயம்தான், 150 வார்த்தைக்குள்ள இருக்கணும், கதை எழுதுனா திருப்பிடுவாங்க. பிள்ளைங்க பேரு கேட்டா தனிப்பட்ட தகவல்னு அந்தச் சட்டத்தோட 8(1)(ஜே) பிரிவ காட்டி மறுப்பாங்க, அதனால வருஷ வாரியா கிளாஸ் வாரியா எத்தன பேருனு எண்ணிக்கைய கேளுங்க, ஸ்கூல சேக்கச் சொல்லி போட்ட ஆர்டரோட காப்பிய தனி மனுவுல கேளுங்க. மராத்தில எழுதுனா வேல சுலபம். 30 நாள்ல பதில் வரலன்னா முதல் அப்பீல் போடுங்க, "ரெக்கார்டு இல்ல"ன்னாலும் அத எழுத்துல வாங்குங்க. எனக்கு அப்பீலுக்கு அப்புறம்தான் எண்ணிக்க வந்துச்சு.

பழைய பேப்பர்ல தேடும்போது இப்ப இருக்கற பேர வச்சு தேடாதீங்க, 1995க்கு முன்னாடி பம்பாய், ஸ்கூலும் பல இடத்துல "முனிசிபல் தமிழ் ஸ்கூல் நம்பர் 2" மாதிரி நம்பராதான் இருக்கும்.

எல்சில சாதி, பிறந்த தேதி எல்லாம் இருக்கு, அத யாருக்கும் ஃபார்வர்ட் பண்ணாதீங்க, ஒரிஜினல அன்னைக்கே கைல திருப்பிக் குடுத்துடுங்க. எழுதி முடிச்சதும் ஒரு பிரிண்ட் சயான்ல இருக்கற தமிழ்ச் சங்கத்துக்கு, இன்னொண்ணு சேத்துவிட்ட ஸ்கூலோட ஹெட்மாஸ்டர் ரூமுக்கு. டூப்ளிகேட் எல்சி கேட்டு நம்ம ஸ்கூல் ஆளுங்க இன்னமும் அங்கதான் வந்து பெஞ்சுல உக்காந்திருக்காங்க, காத்திருக்கற நேரத்துல எடுத்துப் படிப்பாங்க.