பெரிய இமயமலைத் தேசியப் பூங்காவுக்குச் செல்ல விரும்புவோருக்கு

இமாச்சலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில், ஏறத்தாழ 754 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ள இந்தப் பூங்காவுக்குள் வண்டிப் பாதையே கிடையாது. எங்கே செல்வதானாலும் நடந்தே செல்ல வேண்டும். கூடாரம், உணவு, கம்பளி ஆடை அனைத்தும் முதுகில் ஏற வேண்டும். ஆகவே, எத்தனை இடங்களைப் பார்க்கலாம் என்று கணக்கிடுவதைவிட, நம் கால்கள் எவ்வளவு தாங்கும் என்று முதலில் எண்ணிப் பார்ப்பதே நல்லது.

மே மாதமும் அக்டோபரும் ஏற்றவை. ஜூலை, ஆகஸ்டில் மண்சரிவும் ஆற்றுப் பெருக்கும் உண்டு என்பதால் அப்போது செல்ல வேண்டாம். சண்டிகரிலிருந்து மணாலி செல்லும் பேருந்தில் ஏறி, அவுட் என்னும் ஊரில் இறங்க வேண்டும் என்று நடத்துநரிடம் முன்பே சொல்லிவையுங்கள். அங்கிருந்து லார்ஜி, பஞ்சார் வழியாகக் குஷைனி கிராமத்தை அடையலாம். வழியில் சாய்ரோபாவில் உள்ள வனச்சரக அலுவலகத்தில் அடையாள அட்டையைக் காட்டி அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். குஷைனியிலிருந்து தீர்த்தன் ஆற்றை ஒட்டி ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நடந்தால் ரோல்லா முகாம் வரும். முதன்முறை செல்வோருக்கு அதுவரை போவதே போதும் என்பேன்.

வழிகாட்டியும் சுமை தூக்குவோரும் சுற்றியுள்ள கிராமத்தவராகவே இருக்கட்டும். 1999இல் இது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக இங்கே ஆடு மேய்த்தும் மூலிகை பறித்தும் வாழ்ந்தவர்கள் அந்த உரிமையை இழந்தார்கள். 2014இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற இந்தக் காட்டின் பாதுகாப்புக்கு அவர்கள் கொடுத்த விலை அது. நாம் தரும் கூலி அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும்.

ரோல்லாவுக்கு அப்பால் ஏறுவோர், 3,000 மீட்டரைத் தாண்டியபின், இரவு தங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. தலைவலியுடன் வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் விடியும்வரை காத்திராமல் துணையோடு கீழே இறங்கிவிட வேண்டும். எவ்வளவு குளிரடித்தாலும் மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு எரிக்காதீர்கள்; அதன் நச்சுவாயு தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். உள்ளே கைப்பேசியை நம்ப முடியாது என்பதால், திரும்பும் நாளைத் தங்குமிடத்தாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.

உள்ளூரார் ஜுஜுராணா என்றழைக்கும் மேற்கத்திய டிராகோபன் பறவையைக் காணும் ஆவலில் வருவோர் பலர். அது மே, ஜூனில் தரையிலும் தாழ்ந்த கிளைகளிலும் அடைகாக்கும். ஆகவே பாதையை விட்டுப் புதருக்குள் நுழைவதையும், பதிவுசெய்த குரலை ஒலிக்கச் செய்து அதை வரவழைப்பதையும் அறவே தவிர்க்க வேண்டும்.