செல்ஃப் எடுக்கவில்லையா? பேட்டரியை மாற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்

காலையில் காரில் ஏறிச் சாவியைத் திருகுகிறீர்கள். டேஷ்போர்டு விளக்குகள் மங்கலாக எரிகின்றன. 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இஞ்சின் அசையவே இல்லை. பக்கத்தில் நிற்பவர் யாராவது "பேட்டரி போச்சு, புதுசு போட்டுடுங்க" என்பார்.

நானும் ஒரு முறை அப்படித்தான் புதுசு போட்டேன். இரண்டே வாரத்தில், நான்கு நாள் வெளியூர் போய்விட்டுத் திரும்பிய காலையில், அந்தப் புது பேட்டரியும் அதேபோல் படுத்துவிட்டது. பழைய பேட்டரியிலும் கோளாறு இல்லை, புதியதிலும் இல்லை. வண்டி நிற்கும் நேரத்தில் ஏதோ ஒன்று கரண்டைக் குடித்துக்கொண்டே இருந்தது. அது என்ன என்பதை ஆறாவது படியில் சொல்கிறேன். அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: காரணம் தெரியாமல் பேட்டரியை மாற்றாதீர்கள். காரணத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய அனுபவம் வேண்டாம். கீழே இருக்கும் வரிசையில் போனால் போதும்.

தேவையானவை: ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், 10 எம்எம் ஸ்பேனர் (நிறைய வண்டிகளில் டெர்மினல், அதாவது பேட்டரி மேல் வயர் மாட்டும் முனை, அதன் நட்டுக்கு இது பொருந்தும், ஒரு முறை வைத்துப் பார்த்துவிடுங்கள்), சமையல் சோடா, பழைய டூத் பிரஷ், உப்புத்தாள், கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி, ரப்பர் கையுறை, கண்ணை மூடிக் காக்கும் கண்ணாடி.

கண்ணாடியும் கையுறையும் எதற்கு என்று நினைக்க வேண்டாம். பேட்டரிக்குள் இருப்பது நீர்த்த கந்தக அமிலம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும், அது வெடிக்க ஒரு பொறி போதும். அதனால் பக்கத்தில் நெருப்பு, சிகரெட் எதுவும் கூடாது. மோதிரத்தையும் உலோகக் கைச்சங்கிலியையும் கழற்றி வையுங்கள். பிளஸ் டெர்மினலுக்கும் பாடிக்கும் நடுவே மோதிரம் மாட்டினால் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். ஹைப்ரிட் அல்லது எலக்ட்ரிக் வண்டி என்றால் ஆரஞ்சு நிற கேபிள்கள் பக்கமே போகாதீர்கள், அவை உயர் மின்னழுத்தம் போகும் பாதை.

படி 1: சத்தத்தைக் கேளுங்கள்

சாவியைத் திருகும்போது வண்டி என்ன சத்தம் போடுகிறது என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

வேகமாக 'டக் டக் டக்' என்று அடித்தால், பேட்டரியில் சார்ஜ் குறைவு அல்லது டெர்மினலில் பிடிப்பு சரியில்லை. ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டு, விளக்குகள் மங்காமல் பளிச்சென்று எரிந்தால் செல்ஃப் மோட்டாரையோ (இஞ்சினை முதலில் சுற்றிவிடும் மோட்டார்) அதன் வயரையோ சந்தேகப்படலாம். சத்தமே இல்லை, விளக்கும் இல்லை என்றால் டெர்மினல் கழன்றிருக்கலாம், அல்லது பேட்டரி சுத்தமாகக் காலி. விளக்கு நன்றாக எரிகிறது, ஆனால் ஒரு சத்தமும் இல்லையா? ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் 'பி'யில் இருக்கிறதா, பிரேக்கை மிதித்திருக்கிறீர்களா, மேனுவல் வண்டியில் கிளட்சை முழுக்க மிதித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பதற்றத்தில் இதை மறப்பது சகஜம்.

இஞ்சின் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள். அது எரிபொருள், ஸ்பார்க் சம்பந்தப்பட்ட வேறு கதை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். திரும்பத் திரும்பச் சாவியைத் திருகிப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு நிமிடமாவது விடுங்கள். செல்ஃப் மோட்டார் சீக்கிரம் சூடாகும், மிச்சமிருக்கும் சார்ஜும் போய்விடும்.

படி 2: வோல்ட்டை அளந்து பாருங்கள்

மல்டிமீட்டரில் டிசி வோல்ட், 20 என்ற அளவில் வையுங்கள். சிவப்பு வயர் பேட்டரியின் பிளஸ்ஸில், கறுப்பு வயர் மைனஸில். மீட்டரில் சிவப்பு வயர் '10 ஆம்பியர்' ஓட்டையில் செருகப்பட்டிருக்கக் கூடாது, இதை இரண்டு முறை பாருங்கள். அப்படியே பேட்டரியில் வைத்தால் நேரடி ஷார்ட் சர்க்யூட்.

வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு, காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன் எடுக்கும் அளவுதான் நம்பத்தக்கது. ஓட்டி நிறுத்திய உடனே அளந்தால் மேலோட்டமான சார்ஜ் கூடுதலாகக் காட்டும். சாதாரண லெட் ஆசிட் பேட்டரிக்கு 12.6 வோல்ட் அல்லது கொஞ்சம் மேலே இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0 வந்தால் கால்வாசிதான் மிச்சம். 11.9க்குக் கீழே போய்விட்டால் காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். 12க்கும் 12.6க்கும் நடுவே என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். பேட்டரியின் மொத்த வாழ்க்கையும் அந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் இருக்கிறது.

இன்னொரு அளவும் எடுங்கள். மீட்டரை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க, வேறொருவர் செல்ஃப் அடிக்கட்டும். அந்த நேரத்தில் வோல்ட் இறங்கும். 9.6க்குக் கீழே விழாமல் இருந்தால் நல்லது. நின்றபோது 12.6 காட்டிய பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது 7, 8 என்று சரிந்தால் உள்ளே தகடுகள் வீணாகிவிட்டன. அதை எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பிரயோஜனம் இல்லை.

படி 3: டெர்மினலைச் சுத்தம் செய்யுங்கள்

பானெட்டைத் திறந்து டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ உப்புப் பூத்திருக்கிறதா? அமில ஆவி உலோகத்தோடு சேர்ந்து உண்டாக்கும் பொடி அது. ஈயத்தோடு சேர்ந்தால் வெள்ளை, செம்போடு சேர்ந்தால் நீலம். டெர்மினலுக்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்புக்கும் நடுவே அது படிந்தால் மின்சாரம் போக வழி குறைகிறது. விளக்கு எரியும் அளவுக்குப் போகும், ஆனால் செல்ஃப் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கும் மேல் வேண்டும், அவ்வளவு போகாது. பேட்டரி நன்றாக இருந்தும் வண்டி எடுக்காமல் போவது இதனால்தான். வெளியே சுத்தமாகத் தெரிந்தாலும் கிளாம்பைக் கையால் திருகிப் பாருங்கள். கொஞ்சம் அசைந்தாலும் பிடிப்பு போதாது.

வண்டியை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, முதலில் மைனஸைக் கழற்றுங்கள். அப்புறம்தான் பிளஸ். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. காரின் பாடி முழுவதும் மைனஸோடு இணைந்தது. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ் நட்டைத் திருகினால், ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்ட உடனே தீப்பொறி பறக்கும். மைனஸைக் கழற்றிவிட்டால் அந்தப் பயம் இல்லை. சில வண்டிகளில் பேட்டரியைக் கழற்றினால் ரேடியோ கோடு கேட்கும், பவர் விண்டோவை மறுபடி செட் செய்யச் சொல்லும். வண்டியோடு வந்த கையேட்டை முன்கூட்டியே ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இனி ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவைக் கரையுங்கள். பிரஷை அதில் தொட்டுப் பூத்த இடத்தில் தேயுங்கள். சர்ரென்று நுரைக்கும். சோடா அமிலத்தை முறிக்கிற நுரை அது. நுரை நிற்கும்வரை தேய்த்து, சுத்தமான தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். பேட்டரி மூடியில் காற்றுத் துளை இருந்தால் சோடாத் தண்ணீர் உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அது உள்ளே இருக்கும் அமிலத்தையே கெடுத்துவிடும். காய்ந்த பிறகு டெர்மினலின் வெளிப்பக்கத்தையும் கிளாம்பின் உட்பக்கத்தையும் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். மங்கிய சாம்பல் நிறம் போய் ஈயம் பளபளக்க வேண்டும். கிளாம்பின் உட்பக்கத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள், மின்சாரம் கைமாறும் இடமே அதுதான்.

மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். கையால் திருகினால் அசையாத அளவுக்கு இறுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம், ஈயம் மென்மையானது. இறுக்கிய பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள்.

மூடி திறக்கும் வகை பேட்டரி என்றால் தண்ணீர் மட்டத்தையும் பாருங்கள். தகடுகள் மூழ்கியிருக்க வேண்டும். குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், அமிலம் வேண்டாம், குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

படி 4: ஜம்பர் கேபிளால் ஸ்டார்ட் செய்வது

உடனே கிளம்பியாக வேண்டும் என்றால் இது கைகொடுக்கும். இரண்டு வண்டியும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும், ஒன்றோடொன்று உரசக் கூடாது. வீங்கிய, விரிசல் விட்ட, உறைந்த பேட்டரிக்கு இதைச் செய்யவே கூடாது.

1. இரண்டு வண்டியையும் அணையுங்கள். சிவப்பு கேபிளின் ஒரு முனை காலியான பேட்டரியின் பிளஸ்ஸில்.
2. சிவப்பின் மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில்.
3. கறுப்பின் ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸில்.
4. கறுப்பின் மறுமுனை, நின்றுபோன வண்டியின் இஞ்சினில் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில், பேட்டரியிலிருந்து தள்ளி.

நான்காவதைத்தான் எல்லோரும் தப்பாகச் செய்கிறார்கள். கடைசி இணைப்பில் ஒரு சின்னப் பொறி வரும். அது பேட்டரிக்குப் பக்கத்தில் வந்தால் ஹைட்ரஜன் பற்றிக்கொள்ளும். அதனால்தான் தள்ளி மாட்டுகிறோம்.

நல்ல வண்டியை ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ஓட விடுங்கள், பிறகு உங்கள் வண்டியை முயலுங்கள். பிடித்ததும் மாட்டிய வரிசைக்கு நேர் தலைகீழாகக் கழற்றுங்கள். அரை மணி நேரம் ஓட்டினால் பேட்டரி நிறைந்துவிடும் என்று நம்ப வேண்டாம். ஒரேயடியாகக் காலியானதை சார்ஜரில் போட்டு மெதுவாக ஏற்றுவதே நல்லது. 45 ஆம்பியர் மணி (பேட்டரியின் கொள்ளளவு, அதன் மேலேயே எழுதியிருக்கும்) பேட்டரி என்றால் 4.5 ஆம்பியர் அளவில், அதாவது பத்தில் ஒரு பங்கு.

படி 5: சார்ஜ் ஏறுகிறதா?

இஞ்சின் ஓடும்போது மறுபடி வோல்ட்டை அளங்கள். பெரும்பாலான வண்டிகளில் 13.8க்கும் 14.7க்கும் நடுவே காட்டும். இஞ்சின் ஓடியும் 12 சொச்சத்திலேயே நின்று, இறங்கிக்கொண்டே போனால் ஆல்டர்னேட்டரோ (இஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி), அதைச் சுற்றும் பெல்ட்டோ, வயரோ சரியில்லை. 15ஐத் தாண்டினால் வோல்ட்டை அளவுக்குள் வைக்கும் ரெகுலேட்டரைச் சந்தேகப்படுங்கள். சில புது வண்டிகளில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும். அவற்றில் ஹெட்லைட்டைப் போட்டு, சில நிமிடம் விட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஓட்டும்போது சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை என்று அர்த்தம். பெல்ட் அறுந்திருந்தால் விஷயம் அதோடு நிற்காது. பல வண்டிகளில் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது. டெம்பரேச்சர் முள் ஏறத் தொடங்கினால் ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணைத்துவிடுங்கள்.

படி 6: நிற்கும்போது யார் குடிக்கிறார்கள்?

பேட்டரி நல்லது, டெர்மினல் சுத்தம், சார்ஜும் ஏறுகிறது. ஆனாலும் நான்கு நாள் நின்றால் காலி. என் வண்டியின் கதை இதுதான்.

நிற்கும் வண்டியும் கொஞ்சம் மின்சாரம் எடுக்கும். கடிகாரம், அலாரம், சாவி ரிசீவர் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சாதாரணம். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. வாரக்கணக்கில் தாங்கும். ஆனால் 5 வாட் பல்பு ஒன்று அணையாமல் எரிந்தால் 0.4 ஆம்பியர், ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர் மணி. 45 ஆம்பியர் மணி பேட்டரி நான்கு நாளில் கிட்டத்தட்ட காலி.

என் வண்டியில் அது டிக்கி விளக்கு. மூடியதும் அமுங்கி விளக்கை அணைக்க வேண்டிய ஸ்விட்ச் அமுங்காமல் சிக்கிக்கொண்டிருந்தது. மூடிய டிக்கிக்குள் எரியும் விளக்கை வெளியிலிருந்து எப்படிப் பார்ப்பது? போனில் வீடியோவை ஓட விட்டு, டிக்கிக்குள் வைத்து மூடினேன். திறந்து போட்டுப் பார்த்தால் மூடிய பிறகும் கம்பளத்தின் ஒவ்வொரு நூலும் தெளிவாகத் தெரிந்தது. டேஷ்போர்டு பெட்டிக்குள் விளக்கு இருந்தால் அதையும் இப்படியே சோதிக்கலாம். வண்டி வாங்கிய பிறகு தனியாக மாட்டிய கேமரா, ஆம்ப்ளிஃபயர், சார்ஜர் எல்லாவற்றையும் ஒரு இரவு கழற்றி வைத்தும் பாருங்கள்.

அதிலும் பிடிபடவில்லை என்றால் மீட்டர்தான். மைனஸ் கிளாம்பைக் கழற்றி, கிளாம்புக்கும் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணையுங்கள். கதவுகளை மூடி, சாவியைத் தூரமாக வைத்து, அரை மணிக்கு மேல் காத்திருங்கள். வண்டியின் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அவ்வளவு நேரம் ஆகும். அதன் பிறகும் அளவு அதிகமாக இருந்தால் ஃபியூஸை ஒவ்வொன்றாக எடுத்து, அளவு பார்த்து, திரும்பச் செருகுங்கள். எதை எடுக்கும்போது சட்டென்று குறைகிறதோ அந்த வழியில்தான் கோளாறு. மீட்டர் இணைந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், உள்ளே ஃபியூஸ் எரிந்துவிடும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

பொதுவாக ஒரு பேட்டரி 3 முதல் 5 வருடம் உழைக்கும். வெயிலும் இஞ்சின் சூடும் அதன் ஆயுளைக் குறைக்கும், தினமும் பத்து நிமிடம் மட்டும் ஓட்டி நிறுத்துவதும் குறைக்கும். அதே அளவு, அதே ஆம்பியர் மணி, பிளஸ் மைனஸ் அதே பக்கம் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். சிக்னலில் தானாக அணைந்து ஸ்டார்ட் ஆகும் வண்டி என்றால் ஏஜிஎம் அல்லது இஎஃப்பி என்ற, அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் வகை பேட்டரி இருக்கும், அதே வகையைத்தான் போட வேண்டும். சில வண்டிகளில் புது பேட்டரியை கம்ப்யூட்டரில் பதிவும் செய்ய வேண்டும். மேலே ஒரு மார்க்கரால் மாற்றிய தேதியை எழுதிவிடுங்கள். பழையதைக் குப்பையில் போடாமல் விற்பவரிடமே திருப்பிக் கொடுங்கள், அதிலிருக்கும் ஈயத்தை உருக்கி மறுபடி பேட்டரியாகவே செய்கிறார்கள்.